லோகுவின் இலையில் ஒரு மாத்திரை அட்டை

1

எனக்கு வயது எண்பத்தொன்று. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. கணக்கு இடிக்கிறதே என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நான்காவதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படிப்பேன். அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. இப்போது நான் போனில் சொல்லச் சொல்ல, மெல்போர்னில் உட்கார்ந்து என் பேத்தி தாரிணி கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த பெண், அவளுக்குப் புத்தகத் தமிழ்தான் வரும். அதனால் என் பேச்சு அவள் கையில் சலவைக்குப் போய் இஸ்திரி போட்டுக்கொண்டு திரும்பி வருகிறது. ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் கிழவி எழுதுகிறாள் என்றால் இங்கே எல்லாரும் எதிர்பார்ப்பது கங்காரு. நான் பதினோரு வருடமாக அந்த ஊரில் இருக்கிறேன், கங்காருவைப் பார்த்தது ஒரே தடவை. அதற்கும் என்னிடம் பேச ஒன்றும் இருக்கவில்லை. நான் சொல்லப்போவது மாத்திரையைப் பற்றி.

கணக்குப்படி இப்போது நான் மெல்போர்னில் இருக்க வேண்டும். டிக்கெட் தேதி போய்விட்டது. மேற்கு மாம்பலத்தில், மூன்றாவது மாடியில், உமாவின் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். உமாதான் நான் பெறாமல் வளர்த்த அந்த நான்காவது. அவளுக்கே அறுபது ஆகிறது. இன்று காலை ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு, காய் வாங்கி வருகிறேன் என்று தனியாகக் கிளம்பிப் போயிருக்கிறாள். நான் வந்த பிறகு அவள் தனியாக வெளியே போவது இதுதான் முதல் தடவை. மார்க்கெட்டுக்குப் போகும் வழியில், தெருமுனையில், அந்த மெடிக்கல் ஷாப் இருக்கிறது. அதைக் கடக்காமல் போக வழி இல்லை.

அவள் திரும்பி வரும்வரை ஜன்னலண்டை போய் நிற்பதில்லை என்று தீர்மானம் செய்திருக்கிறேன். நிற்பதற்குப் பதில் இதைச் சொல்கிறேன்.

2

முதலில் அந்த ஊரைச் சொல்லி முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மனக்குறைப்படுவீர்கள்.

என் வீட்டுக்காரர் போன பிறகு மகன் சேகர் என்னை அழைத்துக்கொண்டு போனான். பெரிய வீடு. காலை எட்டு மணிக்கு அது காலி. மகன் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம், தாரிணி பள்ளிக்கூடம். சாயந்திரம் வரை நானும் குளிர்பெட்டியும். எதிர்வீட்டு வெள்ளைக்காரர் தினம் கையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். பதினோரு வருடமாக ஆட்டுகிறோம். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

ஒரு தடவை டாக்டரிடம் அழைத்துப்போனார்கள். அங்கே நமக்கு மொழி தெரியாவிட்டால் போனில் ஒரு ஆள் வருவார், டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்ல. வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனிதர்.

"அம்மா, உங்களுக்குத் தனிமையாக் கிடக்குதோ எண்டு டொக்டர் கேக்கிறார். சைபரில இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லட்டாம்."

"எனக்குத் தெரிஞ்ச நம்பர் எல்லாம் பஸ் நம்பர்தான்பா. பன்னெண்டு 'பி'ன்னு போட்டுக்கச் சொல்லு" என்றேன்.

அவர் சிரித்ததுதான் கேட்டது. அதை எப்படி மாற்றிச் சொன்னாரோ, டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே எதையோ எழுதினார். அடுத்த வாரம் ஒரு வேன் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போயிற்று. ஒரு மண்டபத்தில் கிழவர் கிழவிகளை வட்டமாக உட்காரவைத்து, கலர் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டச் சொன்னார்கள். நாலு பிள்ளை வளர்த்தவள் கையில் கோந்து. ஒரே நாளோடு அதற்கு ஒரு கும்பிடு போட்டேன்.

நம் ஆட்கள் கோயில் மண்டபத்தில் கூடுவார்கள். நான் சென்னைக்குப் போகிறேன் என்று தெரிந்தால் போதும், பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தூண் மறைவுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போவார்கள். அங்கே டாக்டர்கள் லேசில் தூக்க மாத்திரை எழுதித் தருவதில்லை. நம் ஊரில்தான் கேட்டால் கிடைக்குமே.

"ஆன்ட்டி, நாலே நாலு ஸ்ட்ரிப். புடவை மடிப்புக்குள்ள வெச்சுட்டா யாரும் பாக்க மாட்டாங்க" என்று போன தடவை ஒருத்தி கேட்டாள். வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறது அவளுக்கு.

"உனக்கு இன்னா வயசு?"

"ஃபார்ட்டி டூ ஆன்ட்டி."

"தூங்கறதுக்கு அதுக்குள்ள இன்னாம்மா அவசரம்?"

அன்று முதல் அவள் என்னோடு பேசுவதில்லை. அவளுக்குத்தான் நஷ்டம். பொய் சொல்லி ஏர்போர்ட்டில் ஒரு பொருளை நான் கொண்டுபோனதில்லை. முதல் தடவை போனபோது ஒரு பொட்டலம் கொட்டைப்பாக்கு இருக்கிறது என்று நானே சொன்னேன். கையுறை போட்டுக்கொண்டு வந்து, பாம்பைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனார்கள். என் பின்னால் வந்த அம்மாளின் பெட்டியில் எத்தனை அட்டை இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்தப் பெட்டி உருண்டு போய்விட்டது, என் பாக்கு போகவில்லை.

3

இனி மயிலாப்பூர். குளத்துக்குப் பின்னால், சந்துக்குள் ஒரு ஸ்டோர் வீடு. "கடையா பாட்டி?" என்று தாரிணி கேட்கிறாள். கடை இல்லை. ஒரே கூரைக்குக் கீழே ஆறு குடித்தனம், எல்லாருக்கும் ஒரே குழாய். எங்கள் பங்கு இரண்டு அறை. அதில் மாமனார், மாமியார், ஒரு நாத்தனார், நாங்கள், என் கொழுந்தன், அவன் பெண்டாட்டி லோகு, இவ்வளவு பேருக்கும் நடுவில் குழந்தைகள். கொழுந்தன் என்றால் வீட்டுக்காரருக்குத் தம்பி. தாரிணிக்கு அதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் ஊரில் எல்லாரும் அங்கிள்.

லோகுவின் பெண்தான் உமா. உமாவுக்குப் பிறகு இரண்டாவதாக ஒன்று பிறந்து, கண்ணைத் திறக்காமலே போயிற்று. அதற்கப்புறம் லோகு தூங்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து அழுவாள். மாமியார் அவளை மாட வீதிப் பக்கம் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நரம்புத் தளர்ச்சி என்றாராம். பத்து நாளைக்கு என்று சொல்லி மஞ்சளாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பத்து நாள் ஆன பிறகு அந்த டாக்டரிடம் யாரும் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? அழுகிறவள் அழுகையை நிறுத்திவிட்டாள் என்றால், அந்த வீட்டைப் பொறுத்தவரை அவளுக்குக் குணமாகிவிட்டது. காலி பாட்டிலை உமாவின் கையில் கொடுத்துக் கடைக்கு அனுப்புவார்கள். எட்டு வயதுகூட நிரம்பாத பெண். "அம்மா மாத்திரை" என்பாள். கடைக்காரன் கடலை கொட்டுகிற மாதிரி கொட்டி மூடி அனுப்புவான்.

இந்தக் காலத்தில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை, அதனால்தான் ஜனங்கள் மாத்திரையைத் தேடுகிறார்கள் என்று படித்தவர்கள் டிவியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கூட்டுக் குடும்பம் இருந்தால் இப்படி வருமா என்று பெருமூச்சு வேறு. அந்த வீட்டில் கால் நீட்ட இடம் இருந்ததில்லை. லோகுவிடம் பேசினவர் யார்? "தண்ணி புடிச்சியா?" "அரிசி களைஞ்சியா?" "பொழுது ஏறிப்போச்சு, இன்னும் இன்னா படுத்துக்கினு கீற?" இவ்வளவுதான் பேச்சு. சோம்பேறி என்று அந்த வீட்டில் எல்லாரும் அவளைச் சொன்னார்கள். நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன்.

ஒரு நாள் காலையில் குழாயடியில் கால் நிற்காமல் சாய்ந்தாள். துவைக்கிற கல்லில் தலை பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. பாசி வழுக்கிவிட்டது என்றாள் மாமியார். தலையெழுத்து என்றார் மாமனார். மாத்திரை என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருடமே கொழுந்தன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு ஆவடிக்குப் போனான். சாமான் எல்லாவற்றையும் ஞாபகமாக எடுத்துக்கொண்டு போனான். பெண்ணை விட்டுவிட்டுப் போனான். என் மூன்றோடு அவளும் சேர்ந்தாள்.

4

உமா நன்றாகப் படித்தாள். நந்தனத்தில் ஒரு ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனாள். ஒரே மகன், அயர்லாந்தில். சில வருடத்துக்கு முன்னால் அவள் புருஷன் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனபோது, அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்று ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். பத்து நாளைக்கு.

காலம் மாறிவிட்டது என்கிறார்கள். அந்தப் பத்து நாள் மட்டும் மாறவில்லை.

போனில் அவள் நன்றாகத்தான் பேசுவாள். "நான் சூப்பரா இருக்கேன் பெரிம்மா" என்பாள். லோகுவின் திதிக்கு வருகிறேன் என்று நான்தான் வம்படியாகக் கிளம்பி வந்தேன். வந்து பெல்லை அடித்தேன், அடித்தேன், கதவு திறக்கவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"மேடம் லேட்டாதான் எழுந்திருப்பாங்க ஆன்ட்டி. நாங்க டிஸ்டர்ப் பண்றதில்ல."

"கடைசியா எப்போ பாத்தே அவளை?"

யோசித்தாள். "டெய்லி வாட்ஸ்அப் குரூப்ல குட் மார்னிங் போட்டுடுவாங்க" என்றாள்.

தண்ணீர் லாரி எந்தத் தெருவில் திரும்புகிறது என்று அந்த குரூப்பில் உடனே தெரியும். பக்கத்துக் கதவுக்குள் ஒருத்தி உயிரோடு இருக்கிறாளா என்பதற்கு ஒரு ரோஜாப்பூப் படம் போதும்.

மத்தியானம் கதவு திறந்தது. உமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள், அடையாளம் தெரிய நேரமாயிற்று. அந்த நிற்பை நான் முன்னாலேயே ஒருத்தியிடம் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் படையல். எங்களில் ஒரு வழக்கம், செத்தவர்களுக்கு என்ன பிடிக்குமோ அதை இலையில் வைக்க வேண்டும். வடை பாயசத்தோடு கருவாட்டுக் குழம்பும் இருக்கும். என் வீட்டுக்காரருக்கு நான் வருடா வருடம் ஒரு சுருட்டு வைக்கிறேன். மெல்போர்னில் அந்தச் சுருட்டுக்காகச் சேகர் ஒரு மணி நேரம் கார் ஓட்டுவான். படையலுக்குப் பிறகு காக்கைக்கு வைத்துவிட்டு, இலையில் இருப்பதை வீட்டு மனிதர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். மிச்சம் வைக்கக் கூடாது.

லோகுவின் போட்டோவுக்கு முன்னால் இலை போட்டேன். சமைத்ததை எல்லாம் வைத்தேன். உமா தள்ளாடிக்கொண்டே உள்ளே போய், எதையோ எடுத்து வந்து வடைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு மாத்திரை அட்டை.

"இன்னாடி இது?"

"அம்மாவுக்கு."

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? செத்தவளுக்கு மாத்திரை வெக்கிறியே."

"பெரிப்பாவுக்கு நீங்க சுருட்டு வெக்கறீங்கல்ல? பிடிச்சதை வெக்கணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க." குரல் ஏறவில்லை, ரேஷன் கடையில் வரிசையைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினாள். "எங்கம்மாவுக்குப் பிடிச்சது வேற என்னன்னு எனக்குத் தெரியும்? நான் பாத்தது இது ஒண்ணுதான். கடையில இருந்து பாட்டிலைக் கொண்டாந்து குடுத்தா என் தலையைத் தடவுவா. வேற எதுக்கும் தடவினதில்ல."

நான் வாயாடி என்று பெயர் எடுத்தவள். அன்றைக்குக் காக்கைக்குச் சோறு எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

பால்கனியில் புறா வரக் கூடாது என்று வலை கட்டியிருக்கிறார்கள், காக்கைக்கும் வழி இல்லை. சோற்றை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். உமா இலைக்கு முன்னால் உட்கார்ந்து அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"படைச்சதை எடுத்துக்கணும்தானே" என்றாள்.

கைமேல் ஓங்கி ஒன்று போட்டேன். அறுபது வயதுப் பெண்ணை அடிக்கலாமா என்றால், வளர்த்தவள் அடிக்கலாம். பிறகு வீடு முழுக்கத் தேடினேன். குளிர்பெட்டிக் கதவில், கைப்பையில், பருப்பு டப்பாவுக்குப் பின்னால், தலையணை உறைக்குள். அத்தனையையும் பிதுக்கிக் கழிவறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நிமிர்ந்து நின்றேன்.

5

மூன்றாம் நாள் உமாவால் காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கை உதறல், உடம்பெல்லாம் வியர்வை, தோலுக்கடியில் எறும்பு ஊர்கிறது என்று சொறிந்தாள். ஆட்டோ பிடித்து, சைதாப்பேட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். சின்னப் பெண், பேத்தி வயது.

"யாரு மாத்திரையை நிறுத்தினது?"

"நான்தான்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல. வருஷக்கணக்கா முழுங்க வுட்டது டாக்டர்தானே, அவரை யாராச்சும் கேட்டீங்களா?"

அந்தப் பெண் கோபப்படவில்லை. இந்த மாதிரி மாத்திரையைப் பழகின உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், மாதக் கணக்கில் ஆகும் என்றாள். லோகுவை விழுங்கினது அந்த வீடு என்றால், இவளை நான் என் கையாலேயே அனுப்பியிருப்பேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"குறைக்கும்போது கூட ஒருத்தர் இருந்தே ஆகணும். யார் இருக்கீங்க?"

உமா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"நான்" என்றேன்.

சேகர் போனில் குதித்தான். "அம்மா, நீ திரும்பி வர்ற விசா முடியப்போகுது. அதுக்குள்ள வரலைன்னா மறுபடியும் முதல்ல இருந்து அப்ளை பண்ணணும். எவ்ளோ ஃபாரம் தெரியுமா?"

"பண்ணு. உன்னைப் படிக்க வெச்சது இன்னாத்துக்கு?"

உமாவின் மகன் அயர்லாந்திலிருந்து கூப்பிட்டான். நல்ல பையன்தான். "பாட்டி, நீங்க கஷ்டப்படாதீங்க. ஹால்ல ஒரு கேமரா வெச்சுடறேன். நான் இங்க இருந்தே பாத்துப்பேன்."

"விழுந்தா உனக்குத் தெரியும். புடிக்கறதுக்குக் கை வேணாமா நைனா?" என்றேன். அப்புறம் அவன் கேமராவைப் பற்றிப் பேசவில்லை. தினம் கூப்பிடுகிறான். அவன் அம்மாவுக்குப் பதில் நானே எடுத்தால், அம்மாவிடம் கொடுங்கள் என்று கேட்கிறான். அது முன்னேற்றம்.

முனையில் இருக்கும் மெடிக்கல் ஷாப்புக்கும் போனேன்.

"டாக்டர் சீட்டு கேக்க மாட்டியா நீ?"

"மேடம் எங்க ஓல்டு கஸ்டமர் ஆயா. அவங்க வரக்கூட வேணாம், ஒரு போன் அடிச்சா மேல அனுப்பிடுவேன்."

"ரொம்ப சேவைதான்."

"நான் சீட்டு கேட்டா அடுத்த கடைக்குப் போவாங்க. யாவாரம் ஆயா."

"நல்லது. இனிமே குடுத்தேன்னு வெச்சுக்கோ, உன் கடை வாசல்ல வந்து குந்திக்குவேன். வர்ற போற எல்லார் கிட்டயும் பேசுவேன். எனக்கு வேற வேலை இல்ல."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினான். "சரி ஆயா" என்றான். அந்தச் சரியை நான் நம்பவில்லை.

6

இப்போது நாங்கள் வாழ்கிற லட்சணம் இது. டாக்டரம்மா எழுதிக் கொடுக்கும் மாத்திரை என் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது. முதலில் ஒன்று, பிறகு முக்கால், பிறகு பாதி. கத்தியால் வெட்டினால் தூளாகிறது. பாக்குவெட்டியால் வெட்டுகிறேன், சுத்தமாக விழுகிறது. மெல்போர்னில் அந்தப் பாக்குவெட்டிக்கு வேலை இல்லாமல் இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். நல்லதாயிற்று.

உமாவுக்கு நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. கெட்ட நாளில் என்னைப் பார்த்தாலே அவளுக்கு எரியும்.

"உங்களைவிட அந்த மாத்திரை தேவலாம் பெரிம்மா. அது பேசாது."

"அதுக்குத்தாண்டி நான் பேசறேன்."

பேசுகிறேன். புளி விலையைப் பேசுகிறேன், எதிர்வீட்டுப் பெண்ணைத் திட்டுகிறேன், மாம்பலம் ஸ்டேஷனில் ரயில் போகும் சத்தத்தை வைத்து எந்தப் பக்கம் போகிறது என்று பந்தயம் கட்டுகிறேன். பெரும்பாலும் உமாதான் ஜெயிக்கிறாள். அவள் தோற்றுப்போகிற நாளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். எனக்கு அது வேண்டும். தூங்குகிறவளுக்குக் கோபம் வராது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நான் இன்னும் அவளிடம் பேசவில்லை. அன்றைக்கு இலைக்கு முன்னால் அவள் கேட்டாளே, அதற்கான பதில். அவள் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

லோகுவுக்குப் பிடித்தது விசில். கல்யாணமாகி வந்த புதிதில், குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு விசிலடிப்பாள். குடம் நிறைய நிறையத் தண்ணீர்ச் சத்தம் மெல்ல மேலே ஏறும் இல்லையா, அதோடு கூடவே அவளும் ஏற்றிக்கொண்டு போவாள். குடம் வழிகிற நேரம் அவள் விசிலும் உச்சியில் நிற்கும், பட்டென்று நிறுத்திக் குடத்தைத் தூக்குவாள். வரிசையில் நிற்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். குடும்பப் பெண் செய்கிற காரியமா இது என்று மாமியார் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு வைத்துப் பேசினாள். உமா பிறப்பதற்கு முன்னாலேயே அது நின்றுவிட்டது. செத்தவளைப் பற்றி அந்த வீட்டில் பேசுகிற வழக்கம் இல்லை. நானும் பேசவில்லை. அந்தப் பெண் தன் தாயைத் தேடிப் பார்த்தபோது, பாவம், அவளுக்குக் கிடைத்தது ஒரு பாட்டில்.

விசிலை இலையில் வைக்க முடியாது. அடுத்த வருடம் என்ன வைப்பது என்று அவளே சொல்லட்டும்.

இரு தாரிணி. பூட்டில் சாவி போடுகிற சத்தம்.

வந்துவிட்டாள். மூச்சு வாங்குகிறது.

"லிஃப்ட் வேலை செய்யல பெரிம்மா. மூணு மாடியும் ஏறி வந்தேன்."

பையைத் தலைகீழாகப் பிடித்து என் காலடியில் கொட்டுகிறாள். கத்திரிக்காய், கொத்தமல்லி, ஒரு எலுமிச்சம்பழம், காலிப் பை.

"நல்லாத் தேடுங்க. அதுக்குத்தானே கழுத்தை நீட்டிட்டு உக்காந்திருக்கீங்க."

"நான் இன்னாத்துக்குத் தேடணும்? கத்திரிக்கா முத்தல்."

தேடவில்லை என்று சொன்னேனே தவிர, என் கண் எல்லாவற்றையும் ஒரு தடவை புரட்டிவிட்டது. உமா அதையும் பார்த்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து, காயைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாள்:

"கடை வாசல்ல நின்னேன் பெரிம்மா. கொஞ்ச நேரம் நின்னேன். அந்தப் பையன் 'வாங்க மேடம்'னான். அப்புறம் காய் வாங்கப் போயிட்டேன்."

"சரி. கையைக் கழுவிட்டு வந்து குந்து. பேத்தி ஒண்ணு படிக்கப்போறா."

"என்னது?"

"வந்து கேளு."

தாரிணி, போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன். எங்கே, முதலில் இருந்து படி. அவசரம் வேண்டாம், எனக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. குழாயடியில் குடம் நிறைகிற இடம் வரும், அங்கே மட்டும் நிறுத்திச் சத்தமாகப் படி. கேட்க வேண்டியவள் முழித்துக்கொண்டிருக்கிறாள்.